யாரும் சொல்லாத செய்தி

காலை ஐந்து நாற்பது. போர்ட் பிளேரின் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் முதலில் கண்ணில் பட்டது, டிக்கெட் சோதிக்கும் வரிசையில் நின்றுகொண்டிருந்த ஒரு பொருள். உயரம் நான்கடி இருக்கும். ஊதாத் துணியால் மூடி, நைலான் கயிற்றால் கட்டியிருந்தது. அதற்கு முன்னால் ஒரு வங்காளிக் குடும்பம். பின்னால் முட்டை அட்டைகளோடு ஒருவர்.

சோதிக்கிறவர் அதை ஒருமுறை சுற்றி வந்தார்.

"யே ஆத்மி ஹை யா மால்?" என்றார். ஆளா, சரக்கா என்று கேட்கிறார்.

"அந்தோணியார்" என்றார் அதைப் பிடித்துக்கொண்டிருந்தவர். ஐம்பது வயதிருக்கும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, வலை இழுத்துத் தடித்த விரல்கள்.

துணியை எடுத்துக் காட்டச் சொன்னார் சோதிக்கிறவர்.

"ஈஸ்டர் கே பாத்" என்றார் இவர். ஈஸ்டருக்குப் பிறகுதான் என்கிறார்.

ஈஸ்டருக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. கப்பல் ஆறேகாலுக்கு.

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தின் கடைசி இரண்டு வாரம் கோயிலில் சுரூபங்களை, அதாவது சிலைகளை, ஊதாத் துணியால் மூடிவைப்பது கத்தோலிக்கர்களான எங்களிடையே வழக்கம். கோயிலில் இருக்கும் சுரூபத்துக்குச் சரி. பயணத்தில் இருக்கும் சுரூபத்துக்கும் அது பொருந்துமா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கு அந்தச் சந்தேகம் இல்லை. கடைசியில் சோதிக்கிறவர் கயிற்று இடுக்கில் விரலை விட்டுத் தட்டிப் பார்த்தார். டொக்கென்றது. 'மால்' என்று எழுதிக்கொண்டார்.

நானும் அதே கப்பலில்தான் லாங் ஐலண்டுக்குப் போனேன். என்னிடம் சரக்கு எதுவும் இல்லை. ஒரு பையும், சாமியார் கொடுத்த ஒரு வேலையும் இருந்தன.

நான்கு வரி இடம்

இந்தத் தொடரில் நான் மற்றவர்களின் பிழைகளைப் பற்றியே எழுதிவருகிறேன் என்று ஒரு வாசகர் கடிதம் போட்டிருந்தார். எண்ணிப் பார்த்தேன். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

போர்ட் பிளேரில் நான் வேலைபார்த்த தமிழ்ப் பத்திரிகைக்கு நான்கு பக்கம். அது நின்றுபோய்ச் சில வருடங்கள் ஆகின்றன. அதன் பழைய கட்டுகளை வைக்க யாருக்கும் இடமில்லாமல் என் வீட்டுப் பரணுக்கு வந்து சேர்ந்தன. இந்த வருடம் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தின வாரம் பரணில் கரையான் பிடித்தது. கட்டுகளை இறக்கி வெயிலில் பரப்பினேன். பரப்பும்போது படிக்காமல் இருக்க முடியாது.

அப்படிக் கண்ணில் பட்டது, பதினோரு வருடத்துக்கு முந்தைய ஒரு செய்தி. லாங் ஐலண்டிலிருந்து அக்கரைக்குப் போன ஒரு டோங்கி கவிழ்ந்தது. டோங்கி என்றால் இங்கே மோட்டார் வைத்த சிறு மரப்படகு. ஒன்பது பேர் இருந்தார்கள். எல்லாரும் கரையேறிவிட்டார்கள். ஒருவருக்கு மணிக்கட்டு முறிந்தது. யாரும் சாகவில்லை என்பதால் செய்தி நான்காம் பக்கத்துக்குப் போனது. கடைசி வாக்கியம் இது: 'படகோட்டி மது அருந்தியிருந்ததாகக் கூறப்படுகிறது.'

மேலே பெயர் இல்லை. 'நமது நிருபர்' என்று இருந்தது. நமது நிருபர் நான்தான்.

பின்னாளில் உதவி ஆசிரியராக உட்கார்ந்தபோது, இப்படி ஒரு வாக்கியத்தோடு எந்தப் பையன் வந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, "கூறியது யார்?" வெயிலில் குந்தியபடி அதை என்னிடமே கேட்டுக்கொண்டேன். பதில் நன்றாக நினைவிருந்தது. யாரும் கூறவில்லை.

அன்று லாங் ஐலண்டிலிருந்து ஒரு கடைக்காரர் போனில் விவரம் சொன்னார். ஒன்பது பேர், மணிக்கட்டு என்பதோடு லைன் போய்விட்டது. பக்கத்தில் நான்கு வரி இடம் மிச்சமிருந்தது. முன்பு எழுதிய இரண்டு மூன்று படகு விபத்துகளில் அந்த வாக்கியம் இருந்திருக்கிறது. அவற்றில் அது உண்மை. கை பழக்கத்தில் எழுதியது. பக்கம் நிறைந்தது. நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

படகோட்டியின் அனுமதிச் சீட்டு திரும்பக் கிடைக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். அது விபத்துக்காக, செய்திக்காக அல்ல என்று சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லிக்கொண்டதும் நினைவிருக்கிறது.

இந்தியில் பாவம்

எங்கள் பங்கின் சாமியார் ராஞ்சிக்காரர். அவரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம் இந்தியில். நான் இந்தி கற்றது ஜெட்டியிலும் காய்கறிச் சந்தையிலும் அலுவலக வாசல்களிலும். பொய், திருட்டு, சண்டை ஆகியவற்றுக்கு அங்கே சொற்கள் தாராளமாகக் கிடைத்தன. பொறாமைக்கு என்ன சொல் என்று பல வருடம் எனக்குத் தெரியாது. அத்தனை வருடமும் நான் பொறாமைப்பட்டதாக எந்தச் சாமியார் காதிலும் விழவில்லை.

இந்தத் தவக்காலத்தில் வழக்கமான பட்டியலைச் சொல்லிவிட்டு, பேப்பரில் ஒரு பொய் எழுதினேன் என்றும் சேர்த்துக்கொண்டேன். பட்டியலின் நடுவில் வைத்தால் கவனிக்கமாட்டார் என்று நினைத்தேன். கவனித்தார்.

"என்ன பொய்?"

சொன்னேன்.

"அந்த ஆள் குடித்திருந்தானா, இல்லையா?"

"தெரியாது ஃபாதர்."

"தெரியாமல்தான் எழுதினாயா?"

"ஆமாம்."

"அப்படியானால் அவன் குடித்திருந்தாலும் நீ எழுதியது பொய்தான்."

இது எனக்குப் புதிதாக இருந்தது. முப்பது வருடம் செய்தித் தொழிலில் இருந்த எனக்கு இதை யாரும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

வழக்கமாகப் பரிகாரத்துக்கு 'அருள் நிறைந்த மரியே' ஜெபத்தை மூன்று முறை சொல்லச் சொல்வார். இந்த முறை, அந்த ஆளிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்து அதன்பிறகு அந்த மூன்றையும் சொல் என்றார். கடிதம் எழுதினால் போதாதா என்று கேட்டேன்.

"கடிதமும் அதே ஜஹாஜில்தானே போகும். நீயே போ" என்றார்.

புளிச்சோறு

அந்தோணியாரைக் கீழ்த்தளத்தில் ஒரு தூணோடு சேர்த்துக் கட்டிவிட்டு அந்த வெள்ளைச் சட்டைக்காரர் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். பெயர் ராயப்பன் என்றார். பூர்விகம் மணப்பாடு. தகப்பனார் காலத்தில் லாங் ஐலண்டுக்கு வந்து மீன்பிடியில் இறங்கிய குடும்பம். தீவில் இருபது கத்தோலிக்க வீடு, ஒரு சிறு கோயில். மாதம் ஒருமுறை சாமியார் வந்து பூசை வைப்பார். மற்ற நாளில் கோயில் சாவி இவரிடம். சுரூபத்தில் அந்தோணியார் ஏந்தியிருக்கும் குழந்தை இயேசுவின் கை உடைந்துவிட்டதால் போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்து ஒட்டி, வர்ணம் பூசி எடுத்துப் போகிறார்.

"ஏன் இப்பவே? ஈஸ்டர் முடிஞ்சு எடுத்துட்டுப் போயிருக்கலாமே."

"ஈஸ்டர் முடிஞ்ச ஞாயித்துக்கெழம எம் மவளுக்குப் புதுநன்ம அண்ணாச்சி. அதுக்குள்ள எல்லாம் அதது எடத்துல இருக்கணும்லா."

புதுநன்மை என்பது பிள்ளைகள் முதல்முறையாக நற்கருணை வாங்கும் நாள்.

பத்து மணிக்குப் பொதியைப் பிரித்தார். புளிச்சோறு, பருப்புத் துவையல். எனக்கு ஆச்சரியம். வெள்ளிக்கிழமை சுத்தபோசனம், இறைச்சி கூடாது. ஆனால் மீனுக்குத் தடையில்லை. தீவுகளில் இது ஒரு பழைய சங்கடம். கோழி பெட்டியில் உறைந்து கப்பலில் வருகிறது. வராத வாரமும் உண்டு. மீன் வாசலில் கிடைக்கிறது. கோழியை விட்டு வஞ்சிரம் சாப்பிடுவதைத் தவம் என்று சொல்லி, இங்கே நாங்கள் பல வருடம் கடவுளை நம்பவைக்க முயன்றுவருகிறோம்.

"நான் மீன விட்டுருவேன், நாப்பது நாளும்" என்றார் ராயப்பன். "மீன விட்டாத்தான எனக்குத் தவம். சாப்பிடுங்க அண்ணாச்சி."

பாதியை வாழையிலைத் துண்டில் எனக்கு ஒதுக்கினார். சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. லாங் ஐலண்டில் யாரைப் பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்டார்.

"சூசைன்னு ஒருத்தர். முன்னாடி டோங்கி ஓட்டினாராம்."

ராயப்பன் கையைக் கழுவினார். தேவைக்கு மேலாகவே கழுவினார்.

"அவரு எம் மச்சான். எந் தங்கச்சி மேரியத்தான் கெட்டியிருக்காரு. எனக்கு நாலாவது வீடு."

"அப்படியா."

"எங்கிட்டப் பேசமாட்டாரு. பதினோரு வருசமாச்சு."

நான் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தால் ஆட்கள் சொல்வார்கள் என்பது தொழிலில் கற்றது.

"எம் மவளுக்கு அவருதான் ஞானத்தகப்பன். ஞானஸ்நானம் முடிஞ்சு எங்க வீட்ல சாப்பாடு. அடுக்களைக்குப் பின்னால நானும் அவரும் மட்டும் நின்னு ஆளுக்கு ஒரு கிளாசு. ஒண்ணுதான் அண்ணாச்சி. ஒரு காக்கா குருவி பாக்கல. சாயந்தரம் விருந்தாளிகள அக்கரையில விடப் போனாரு. திட்டுப் பக்கம் அல தூக்கி அடிச்சுக் கவுத்துருச்சு. எல்லாரும் பொழச்சாச்சு. பெறவு பேப்பர்ல வருது, படகோட்டி குடிச்சிருந்தான்னு."

"ம்."

"பேப்பர்காரனுக்கு யாரு சொல்லியிருப்பா? தெரிஞ்சது எனக்கு ஒருத்தனுக்குத்தான. நான் சொல்லலன்னு பைபிள் மேல கைய வச்சுச் சொன்னேன். அப்ப பேப்பர்காரனுக்கு கனவுல வந்துச்சான்னு கேட்டாரு. அதுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

கப்பல் ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது.

"யாரு எழுதுனான்னு பாத்தேன், போய்க் கேக்கலாம்னு. பேரு போடல."

தூணில் கட்டியிருந்த கயிறு தளர்ந்திருப்பதாகச் சொல்லி எழுந்து போனார். தளரவில்லை.

ஒரு பாவத்தைச் செய்தால் அதன் முகவரியாவது செய்தவனுக்குத் தெரியும் என்று நினைத்துத்தான் கப்பல் ஏறியிருந்தேன். நான் கற்பனையாக எழுதியது உண்மையாக இருந்திருக்கிறது. பொய்யாகவே இருந்திருந்தால் சூசை என்னைத் திட்டிவிட்டு மறந்திருப்பார். உண்மையாக இருந்ததால் அதைத் தெரிந்திருந்த ஒரே ஆளின் தலையில் போய் விழுந்திருக்கிறது.

ராயப்பன் திரும்பி வந்ததும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். வந்தார். மேரியின் கணவர் இப்போது கோயிலுக்குள் வருவதில்லை என்றார். பூசை நாளில் வெளியே மரத்தடியில் உட்கார்ந்து கேட்பாராம். ஒருவனோடு பகை வைத்துக்கொண்டு நன்மை வாங்குவது சாவான பாவம், நான் பொய்யாக வாங்கமாட்டேன் என்பாராம். பதினோரு ஈஸ்டருக்கு வாங்கவில்லை.

"புதுநன்மைக்கு ஞானத்தகப்பன் பிள்ள பக்கத்துல நிக்கணும். 'மாமா வருவாரா'ன்னு கேட்டுட்டே இருக்கா. ஊர்ல எல்லாருக்கும் காகிதம் குடுத்தாச்சு. அவருக்கு மட்டும் குடுக்கல. கிழிச்சுப் போட்டுருவாரோன்னு இருக்கு."

மதியம் லாங் ஐலண்ட் வந்துவிட்டது. நான் சொல்லவில்லை. சுரூபத்தை இறக்கும்போது ஒரு பக்கம் பிடித்துக் கொடுத்தேன்.

சூசை வீடு

சூசைக்கு அறுபது தாண்டியிருக்கும். முற்றத்தில் பாக்கு உரித்துக்கொண்டிருந்தார். அனுமதிச் சீட்டு போனபிறகு கூலிக்கு உரிக்கிறார். மேரி உள்ளே அம்மியில் எதையோ அரைத்துக்கொண்டிருந்தார்.

யார், என்ன என்று சொல்லிவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தேன். செய்தியின் முக்கிய விவரம் முதல் வாக்கியத்திலேயே வந்துவிட வேண்டும் என்பது எங்கள் பாடம்.

"நீங்க குடிச்சிருந்ததா பேப்பர்ல எழுதினது நான்தான். எனக்கு அதை யாரும் சொல்லலை. நானா எழுதினேன்."

பாக்கு உரிப்பது நிற்கவில்லை.

"யாரும் சொல்லல?"

"யாரும் சொல்லலை."

"போன்ல?"

"இல்லை. கடைக்காரர் விபத்தை மட்டும்தான் சொன்னார். இடம் நிறையணும்னு எழுதினேன்."

"நான் குடிச்சிருந்தது நெசம்."

"இன்னைக்குக் காலையிலதான் தெரியும்."

அம்மிச் சத்தம் நின்றது. மேரி கதவருகே வந்தார். கையில் தேங்காய் ஒட்டியிருந்தது.

"எங்கண்ணன் சொல்லமாட்டான்னு பதினோரு வருசமா நான் சொல்லுதேன்" என்றார். என்னைப் பார்க்காமல் கணவரைப் பார்த்துச் சொன்னார்.

"நீ தங்கச்சி. அப்படித்தான் சொல்லுவ."

"குழாயடியில நின்னுதான் நான் எங்கண்ணன்ட்டப் பேசுதேன். தண்ணி வராத அன்னைக்குப் பேச்சும் கெடையாது."

சூசை அடுத்த பாக்கை எடுத்தார். உரிக்காமல் கையில் வைத்துக்கொண்டார்.

"ஒரு கிளாசுதான் சார். அலதான் கவுத்துச்சு. எனக்கு அது நல்லாத் தெரியும். ஆனா பேப்பர்ல பாத்த பெறவு எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. குடிச்சதுனாலதான் கவுந்துச்சோன்னு. இன்னைக்கு வரைக்கும் உண்டு அது."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

"இத்தன வருசமா தப்பு அவன் பக்கம் கெடந்துச்சு. நான் பாட்டுக்கு இருந்தேன். இப்ப நீங்க கப்பல் ஏறி வந்து அத எம் பக்கம் தூக்கி வச்சுட்டியளே."

"ஆமா."

"தவசுகாலத்துல வந்து வச்சிருக்கியளே. ஈஸ்டருக்கு அப்புறம் வந்துருக்கக் கூடாதா?"

நகைச்சுவையாகச் சொன்னாரா என்று முகத்தைப் பார்த்தேன். அப்படித் தெரியவில்லை.

"அவன்ட்டச் சொல்லிட்டியளா?"

"இல்லை."

"ஒரே கப்பல்லதான வந்தீங்க."

"பயமா இருந்தது."

"எங்கிட்ட பயம் இல்லையோ."

"இங்க வர்றதுக்குத்தான் தயாரா வந்தேன்."

பாக்கைக் கூடையில் போட்டார். "அச்சா. மொதல்ல போயி அவன்ட்டச் சொல்லுங்க. நான் போயிச் சொன்னா, நானா ஒரு கத கெட்டிட்டு வந்த மாதிரி இருக்கும்."

தெரியாதவர்களை மன்னிப்பது

ராயப்பன் வீடு தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய மரவீடு. ஏறுவதற்கு நான்கு படி. வெளிச்சம் இருக்கும்போதே போனேன். சட்டையை மாற்றி, லுங்கியில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். உட்காரச் சொன்னார். நின்றபடியே சொன்னேன்.

கேட்டு முடித்துவிட்டு அவர் முதலில் சொன்னது: "சோறு திங்கும்போது சொல்லியிருக்கலாம்லா."

இதுவரை எனக்கு வந்த கண்டனக் கடிதங்களில் எதுவும் இவ்வளவு துல்லியமாக இருந்ததில்லை.

"போவட்டும். உங்கள மன்னிச்சாச்சு அண்ணாச்சி."

நான் எதிர்பார்க்கவில்லை.

"உங்கள எனக்குத் தெரியாது. தெரியாத ஆள மன்னிக்கது லேசு. நீங்க எழுதுனீங்க, போயிட்டீங்க. அவரு எங்கூட ஒரே தோணியில அஞ்சு வருசம் கடலுக்குப் போனவரு. எந் தங்கச்சியக் குடுத்திருக்கேன். எம் புள்ளயக் கையில குடுத்தேன். பேப்பர்ல யாரோ எழுதுனத நம்பினாரு. நான் சத்தியம் பண்ணுனத நம்பல."

"அவருக்கு இப்ப உண்மை தெரியும். வருவார்."

"இப்ப வருவாரு. சாட்சி கெடச்சுருச்சுல்லா."

வலையில் ஒரு முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்து இழுத்தார்.

"நாப்பது நாளு மீன விட்டுட்டேன் அண்ணாச்சி. இது அதவிடக் கஷ்டமா இருக்கு."

விருந்தினர் விடுதிக்குப் போய் மூன்று அருள் நிறைந்த மரியேயும் சொன்னேன். சாமியார் கொடுத்த வேலை, அவர் கொடுத்தபடி முடிந்துவிட்டது.

சனிக்கிழமை

காலை ஏழே முக்காலுக்கு டீக்கடைக்குப் போகும்போது சூசை ராயப்பன் வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தார். துவைத்த வேட்டி, சட்டை. கதவு சாத்தியிருந்தது. அடுத்த வீட்டு வங்காளி அம்மாள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். வெளிச்சம் வந்ததிலிருந்தே அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று இந்தியில் சொன்னார். ராயப்பன் உள்ளேதான் இருக்கிறார், இருமல் சத்தம் கேட்டது என்றும் சொன்னார்.

பதினொன்றரைக்குத் திரும்பிப் பார்த்தேன். வெயில் படிக்கு வந்திருந்தது. சூசை நகரவில்லை. அந்த நேரத்துக்குள் தீவிலிருக்கும் இருபது கத்தோலிக்க வீடுகளும் ஏதாவது ஒரு காரணம் சொல்லிக்கொண்டு அந்தப் பாதையில் ஒருமுறை நடந்துபோய்விட்டன. ஒருவர் சூசையிடம், "என்ன சூச, மச்சான் வீட்டுக்கு வாச்மேன் வேலையா?" என்று கேட்டார். "ஆமா, சம்பளம் பேசல இன்னும்" என்றார் சூசை.

பிறகு நடந்தது என்ன என்று போனில் சிலர் சொன்னார்கள். ஒருவர் சொன்னது போல இன்னொருவர் சொல்லவில்லை. நான் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

கப்பல் இரண்டரைக்கு. ஜெட்டிக்கு அந்தப் பாதைதான். சூசை என்னைப் பார்த்தார்.

"கப்பல் வந்துருச்சா?"

"கட்டியாச்சு."

"பாத்துப் போங்க."

அப்போது மணி இரண்டு பத்து. கதவு சாத்தியிருந்தது. சூசை மேல்படியில் உட்கார்ந்திருந்தார். செருப்பைக் கழற்றிக் கீழ்ப்படியில் ஒதுக்கி வைத்திருந்தார்.